நீர்மேல் ஒரு மணி நேரம்: படகுப் பயணத்தில் பாதுகாப்பும் பண்பும்

கோடை விடுமுறை நெருங்கும் நாட்களில் வெளிநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழும். சிகிச்சை பற்றிய பேச்சு முடிந்து, மருந்துச் சீட்டைக் கையில் வாங்கிய பிறகு, உடன் வந்தவர் சற்றுத் தயங்கிக் கேட்பார்: "டாக்டர், பிள்ளைகள் எல்லாரும் கொடைக்கானல் போகலாம் என்கிறார்கள். அப்பாவையும் படகில் ஏற்றலாமா?" கேட்பவர் குரலில் ஆசையும் அச்சமும் சம அளவில் இருக்கும். அருகில் அமர்ந்திருக்கும் தந்தையோ, விடை என்னவாக இருக்கும் என்று குழந்தையைப் போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாதக்கணக்கில் வீடும் மருத்துவமனையுமாக அலைந்த ஒருவருக்கு, குளிர்ந்த காற்று முகத்தில் படும் ஒரு மணி நேரம் சிறிய செய்தி அன்று. நோய் முதலில் பறித்துக்கொள்வது இத்தகைய எளிய மகிழ்ச்சிகளைத்தான். ஆகவே நோயுற்றவர்கள் படகுப் பக்கமே போகக் கூடாது என்று பொதுவாகத் தடை விதிப்பது முறையாகாது. பெரும்பாலோர் போகலாம். எந்தப் படகில், எப்படி அமர்ந்து, எவற்றைக் கையில் கொண்டு போவது என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்குமுன் ஒன்று. படகுப் பயணத்தில் பாதுகாப்பையும் பண்பையும் பிரித்துப் பார்க்க இயலாது. பேருந்தில் ஒருவர் எழுந்து நின்றால் அடுத்தவருக்குச் சிறு தொந்தரவு, அவ்வளவே. படகில் ஒருவர் எழுந்து நின்றால் அத்தனை பேருடைய நிலையும் மாறுகிறது. அங்கே நாம் காட்டும் ஒவ்வொரு மரியாதையும் இன்னொருவர் உயிருக்குத் தரும் காவலாகும்.

படகு ஏன் கவிழ்கிறது?

படகு நிமிர்ந்து மிதப்பது எடைச் சமநிலையால். எடை தாழ்வாகவும் நடுவிலும் இருக்கும் வரை, அலை சற்றுச் சாய்த்தாலும் படகு தானே நிமிர்ந்துகொள்ளும். பயணிகள் எழுந்து நிற்கும்போது எடையின் மையம் மேலே ஏறுகிறது. ஒரே பக்கம் திரளும்போது அது ஓரத்துக்கு நகர்கிறது. 60 கிலோ எடையுள்ள 20 பேர் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் சாய்ந்தால், 1,200 கிலோ எடை நொடியில் இடம் மாறிவிடும். அந்தச் சாய்வில் உள்ளே புகும் நீரும் தாழ்ந்த பக்கத்துக்கே ஓடி, சாய்வை மேலும் கூட்டும். கவிழ்வதற்குச் சில வினாடிகளே போதும்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் பெரியாறு ஏரியில் ஈரடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். வனவிலங்குகளைக் காணப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டது அவ்விபத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. 2011 கிறிஸ்துமஸ் நாளன்று பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்தி வேளையில் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தனர். அங்கும் படகில் அளவுக்கு மேல் ஆட்கள் இருந்தனர். பலர் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை.

இவை புயலிலோ நடுக்கடலிலோ நிகழ்ந்தவை அல்ல. ஏரியிலும் காயலிலும், கரைக்கு எட்டும் தொலைவில், மகிழ்ச்சியாகக் கழிக்க வந்த குடும்பங்களுக்கு நேர்ந்தவை. அளவுக்கு மீறிய சுமை, ஒரு பக்கம் திரளுதல், இருட்டு, உயிர்காப்பு அங்கி இன்மை ஆகிய நான்கும் இத்தகைய விபத்துகளில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகின்றன. நான்கையும் பயணிகளாகிய நாம் ஓரளவேனும் தடுக்க இயலும்.

படகோட்டி "போதும்" என்றால்

படகுத்துறைகளில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. எட்டுப் பேர் அமரும் படகு. வந்த குடும்பத்தில் பத்துப் பேர். "சின்னப் பிள்ளைகள்தானே, மடியில் வைத்துக்கொள்கிறோம்" என்பார் ஒருவர். "கூடுதலாகப் பணம் தருகிறோம்" என்பார் மற்றொருவர். படகோட்டி மறுத்தால் முகம் சுளிப்போம். அவர் இணங்கினால் நல்ல மனிதர் என்போம்.

இக்கணக்கை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும். மறுக்கும் படகோட்டியே நல்ல மனிதர். மடியிலிருக்கும் குழந்தைக்கும் எடை உண்டு. அக்குழந்தைக்கும் ஒரு உயிர்காப்பு அங்கி வேண்டும். படகின் கொள்ளளவு எத்தனை என்று ஏறுமுன் கேளுங்கள். அதற்கு மேல் ஆள் ஏறினால், நீங்கள் இறங்கிக்கொண்டு அடுத்த படகுக்குக் காத்திருங்கள். இயந்திரத்தால் இயங்கும் உள்நாட்டுப் படகுகள் பதிவும் தகுதிச் சான்றும் பெற வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் கூறுகிறது. அவ்வாறு பதிவு பெற்ற படகுத்துறைகளையே நாடுங்கள். கரையோரம் தனியாக நின்று "மலிவாகக் கூட்டிப்போகிறேன்" என்று அழைப்பவரிடம் போக வேண்டாம்.

ஒகேனக்கலில் காவிரியின் நீர்வரத்து கூடும்போது மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத்துக்குத் தடை விதிக்கும். நெடுந்தொலைவு பயணித்து வந்தவர்களுக்கு அது ஏமாற்றமாகவே இருக்கும். ஆனால் பரிசல் வட்ட வடிவமானது. நீரைக் கிழித்து நேர்கோட்டில் செல்லும் அடிக்கட்டை அதற்கு இல்லை. சுழலில் அதை நிலைநிறுத்துவது ஓட்டுபவரின் கைத்திறன் ஒன்றே. ஆற்றின் வேகம் அந்தத் திறனை மீறும் நாளில் கரையில் நின்று அருவியைப் பார்த்துவிட்டு வருவதே அறிவு. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் முன்னோர் சொன்னது ஆற்றங்கரையில் வாழ்ந்த அனுபவத்தால்தான்.

பயணத்தின்போது "இன்னும் வேகமாக", "அந்தப் பாறைக்கு அருகில்", "ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுங்கள்" என்று ஓட்டுபவரை வற்புறுத்த வேண்டாம். அவரோடு அரட்டை அடித்துக் கவனத்தைத் திருப்புவதும் கூடாது. மது அருந்தியவர் ஓட்டும் படகில் ஏறக் கூடாது. மது அருந்திய பயணியும் ஏறக் கூடாது. மது உடலின் சமநிலையைக் குலைக்கிறது, ஆபத்தைக் கணிக்கும் திறனை மழுங்கடிக்கிறது, குளிர்ந்த நீரில் உடல் வெப்பம் விரைவில் குறையவும் காரணமாகிறது.

உயிர்காப்பு அங்கி

லைஃப் ஜாக்கெட் என்று நாம் வழங்கும் உயிர்காப்பு அங்கியைப் பலர் ஒரு சடங்காகவே அணிகின்றனர். புகைப்படம் எடுக்கும்வரை அணிந்திருந்து, படகு நகர்ந்ததும் கழற்றி இருக்கையில் போட்டு அதன்மேல் அமர்வோரும் உண்டு. நீரில் விழுந்த பிறகு அதைத் தேடி அணிவது நீச்சல் தெரிந்தவருக்கே அரிது. துறையில் அணிந்தது துறையில் திரும்பி இறங்கும் வரை உடலிலேயே இருக்கட்டும்.

அணியும் முறையும் முக்கியம். வார்கள் அனைத்தையும் பூட்டி இறுக்குங்கள். பிறகு உடன் இருப்பவர் அங்கியின் தோள்பகுதியைப் பிடித்து மேல்நோக்கித் தூக்கிப் பார்க்கட்டும். அங்கி காது வரை ஏறினால் அது பெரிது அல்லது தளர்வு. நீரில் விழுந்ததும் அது கழன்று மேலே மிதக்கும், அணிந்தவர் கீழே போவார். குழந்தைகளுக்கு அவர்கள் எடைக்கு ஏற்ற, தொடைகளுக்கு இடையே வார் செல்லும் அங்கி வேண்டும். பெரியவர் அங்கியைக் குழந்தைக்கு மாட்டுவது பாதுகாப்பன்று. காற்றடைத்த பொம்மை வளையங்கள் விளையாட்டுப் பொருள்கள் மட்டுமே. சேலை அணிந்தவர்கள் முந்தானையை அங்கிக்குள் செருகிக்கொள்ள வேண்டும். வார்களுக்கு மேலே தொங்கும் துணி இயந்திரத்திலோ துடுப்பிலோ சிக்கக்கூடும்.

நான்கு புறமும் மூடப்பட்ட அறையுள்ள படகுகளில் வேறொரு கவனம் தேவை. அத்தகைய படகு கவிழ்ந்தால் மிதக்கும் அங்கி அணிந்தவரைக் கூரையோடு அழுத்திவிடக்கூடும். எனவே திறந்த பகுதியில் இருக்கை தேடுங்கள். அறைக்குள் அமர நேர்ந்தால், வெளியேறும் வழி எது என்று அமர்ந்தவுடனேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறும்போதும் இறங்கும்போதும்

படகுப் பயணத்தில் முதியவர்கள் அதிகம் தடுமாறுவது ஏறும்போதும் இறங்கும்போதும்தான். ஒரு கால் துறையிலும் ஒரு கால் படகிலுமாக நிற்கும் அந்த ஒரு நொடியில் படகு விலகுகிறது. "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்" என்ற பழமொழியின் முழுப் பொருளும் அப்போது விளங்கும். படகு கயிற்றால் கட்டப்பட்டு அசைவு நின்ற பிறகே அடி எடுத்து வையுங்கள். ஒருவர் பின் ஒருவராக ஏறுங்கள். படகின் ஓரத்தில் மிதிக்காமல் நடுவில் காலை ஊன்றி, உடனே அமர்ந்துவிடுங்கள். கைகளில் பை, அலைபேசி, தின்பண்டம் எதுவும் இருக்கக் கூடாது. கைகள் பிடித்துக்கொள்வதற்கு வேண்டும்.

முதியவருக்கு உதவுபவர்கள் அவர் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். உங்கள் முன்கையை நீட்டி, அதை அவர் பற்றிக்கொள்ளச் செய்யுங்கள். ஒருவர் படகிலும் ஒருவர் துறையிலுமாக நின்று உதவினால் நலம். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் அவசரப்படுத்தாமல் காத்திருப்பது பெரிய உதவி. "சீக்கிரம் ஏறுங்கள்" என்ற ஒரு குரல் முதியவரைத் தடுமாற வைத்து இடுப்பெலும்பு முறிவில் கொண்டுபோய் விடும்.

சக்கர நாற்காலியில் வருபவரை, இயலுமானால், படகின் நிலையான இருக்கைக்கு மாற்றி அமர்த்துங்கள். நாற்காலியிலேயே அமரவேண்டியிருந்தால் அதற்கு வசதியுள்ள பெரிய படகைத் தேர்ந்து, சக்கரங்களின் பிடியைப் பூட்டுங்கள். ஆனால் நாற்காலியோடு அவரைப் பட்டை போட்டுக் கட்டாதீர்கள். படகு கவிழ்ந்தால் நாற்காலியின் எடை அவரை அடியில் இழுத்துச் செல்லும்.

நோயுள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை

இதய நோய்: மாரடைப்போ அறுவை சிகிச்சையோ அண்மையில் நடந்திருந்தால், பயணத்துக்கு முன் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். திறந்த இதய அறுவைக்குப் பின் மார்பெலும்பு நன்கு கூட 6 முதல் 12 வாரங்கள் ஆகலாம். அதுவரை துடுப்புப் போடுவது, கயிறு இழுப்பது கூடாது. மிதிபடகு பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றினாலும் காற்றை எதிர்த்து மிதிக்கும்போது மாடிப்படி ஏறும் உழைப்பை வாங்கும். இரண்டு மாடி ஏறினால் நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ வருபவர் மிதிக்க வேண்டாம். பிறர் ஓட்டும் படகில் அமர்ந்து வரலாம். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை சட்டைப்பையில் இருக்கட்டும். அதை அமர்ந்தபடியே பயன்படுத்துங்கள். அது இரத்த அழுத்தத்தைக் குறைப்பதால் நின்றிருந்தால் தலைசுற்றி விழ நேரும்.

வலிப்பு நோய்: வலிப்பு நோயாளிகள் நீரில் மூழ்கும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். மாத்திரையை ஒரு வேளையும் தவறவிடாமல், முந்தைய இரவு நன்கு உறங்கி வர வேண்டும். தனியாகப் படகில் செல்லக் கூடாது. அருகில் அமர்பவருக்கு நோய் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். இதை மறைப்பதில் பெருமையும் இல்லை, சொல்வதில் இழிவும் இல்லை. உயிர்காப்பு அங்கி இவர்களுக்குக் கட்டாயம். வலிப்பு அண்மையில் வந்திருந்தால் இம்முறை கரையில் இருந்து கண்டு களியுங்கள்.

நீரிழிவு: சுற்றுலா நாட்களில் ஊசி போட்டுக்கொண்டபின் உணவு தள்ளிப்போவது வழக்கம். அத்தோடு மிதிபடகும் சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று குறையும். படகின் நடுவில் மயக்கம் வந்தால் உதவி தொலைவில் இருக்கும். உணவுக்குப் பின்னரே ஏறுங்கள். குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை நீர் புகாத பையில் கொண்டு செல்லுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு துறையில் நடக்க வேண்டாம்.

மூச்சு நோய்கள்: இன்ஹேலரைக் கரையில் விட்டுச் செல்லாதீர்கள். விசைப்படகின் பின்பகுதியில் இயந்திரப் புகை தங்கும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. அது தலைவலியும் குமட்டலும் உண்டாக்கும். படகு மயக்கம் என்று எண்ணிப் புகை சூழ்ந்த இடத்திலேயே படுத்துக்கொள்வது ஆபத்து. காற்றோட்டமான பகுதிக்கு நகருங்கள். ஆக்சிஜன் சிலிண்டரோடு பெட்ரோல் இயந்திரம் உள்ள படகில் ஏறக் கூடாது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தியவர்களுக்கு நீர் நேரே நுரையீரலுக்குள் செல்லும். ஆகையால் சிறு படகுகள் இவர்களுக்கு ஏற்றவை அல்ல.

டயாலிசிஸ்: கழுத்திலோ மார்பிலோ குழாய் பொருத்தியவர்கள் அவ்விடம் நனையாமல் காக்க வேண்டும். பரிசலும் மிதிபடகும் நீர் தெறிப்பவை. கையில் ஃபிஸ்டுலா உள்ளவர்கள் அந்தக் கையில் வாரோ கயிறோ இறுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உண்பவர்கள்: தலையில் சிறிய அடி பட்டாலும், வலி இல்லாவிட்டாலும், மருத்துவமனையில் காட்டுங்கள்.

எலும்புத் தேய்வு, கர்ப்பம்: அதிவேகப் படகு அலைமேல் எழும்பி விழும்போது முதுகெலும்பு அழுந்தி முறியக்கூடும். முன்வரிசையில் அமர்பவருக்கே இந்த அதிர்ச்சி மிகுதி. எலும்பு வலுவிழந்தவர்களும் கர்ப்பிணிகளும் அதிவேகப் படகைத் தவிர்த்து, மெல்லச் செல்லும் படகில் நடுவில் அமரலாம்.

மறதி நோய்: இவர்கள் படகின் நடுவில் திடீரென்று எழ முற்படலாம். இருபுறமும் நெருங்கியவர் அமர்ந்து, மெல்லிய குரலில் பேசிக்கொண்டே வாருங்கள். குறுகிய பயணமே போதும்.

படகு மயக்கத்துக்கு மாத்திரை உண்பவர்கள் அது தூக்கம் தரும் என்பதை அறிந்திருக்க வேண்டும். கண் நீர் அழுத்தமோ புராஸ்டேட் வீக்கமோ உள்ளவர்களுக்கு அவற்றுள் சில ஒவ்வா. தொலைவில் உள்ள கரையையோ அடிவானத்தையோ நோக்கியிருப்பது மாத்திரையின்றியே பலருக்குப் பயன் தரும்.

நீரில் பிறரும் உள்ளனர்

ஏரியும் காயலும் நமக்கு ஒரு மணி நேரப் பொழுதுபோக்கு. அங்கே வலை வீசுபவருக்கு அதுவே வயல். விரித்த வலைமேல் படகைச் செலுத்துவது விளைந்த பயிரில் வண்டியை ஓட்டுவதற்கு ஒப்பாகும். மிதவைகள் வரிசையாகத் தென்பட்டால் சுற்றிச் செல்லுங்கள். விசைப்படகு எழுப்பும் அலை சிறு தோணியைக் கவிழ்க்கவல்லது. துறையருகிலும் சிறு படகுகளுக்கு அருகிலும் வேகத்தைக் குறைப்பது கட்டாயம்.

எதிரெதிரே இரண்டு விசைப்படகுகள் வந்தால், இரண்டும் தத்தம் வலப்பக்கமாக விலக வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் விதி. சாலையில் இடப்பக்கம் செல்லும் நமக்கு இது புதியது. மிதிபடகை முதன்முறை ஓட்டுபவர்கள் இருவரும் ஒரே பக்கம் விலகி மோதிக்கொள்வது இதனால்தான். முந்திச் செல்லும் படகு, முன்னே செல்வதற்கு வழிவிட்டு விலகிச் செல்ல வேண்டும். மிதிபடகை வேண்டுமென்றே இன்னொன்றின்மீது மோதிச் சிரிப்பது இளைஞர்களுக்கு விளையாட்டு. அந்தப் படகில் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் இருக்கலாம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

பிச்சாவரத்தின் சதுப்புநிலக் காட்டுக்குள் படகு நுழையும்போது ஓட்டுபவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். நாமும் தாழ்த்திக்கொள்வோம். உரத்த பாட்டும் ஒலிபெருக்கியும் பறவைகளை விரட்டுவதோடு, ஆபத்தில் அழைப்பவர் குரலையும் மறைக்கும். நெகிழிப் பையை நீரில் எறியாதீர்கள். அது இயந்திரத்தின் விசிறியில் சுற்றிக்கொண்டால் படகு நடுநீரில் நின்றுவிடும்.

ஒருவர் நீரில் விழுந்தால்

நீரில் மூழ்குபவர் கைகளை வீசிக் கூக்குரலிடுவார் என்று திரைப்படங்கள் நமக்குக் கற்பித்துவிட்டன. உண்மையில் மூழ்குதல் பெரும்பாலும் ஓசையற்றது. மூச்சுக்கே போராடும் உடலால் கூவ இயலாது. வாய் நீர்மட்டத்துக்குக் கீழும் மேலுமாக வரும், தலை பின்னோக்கிச் சாயும், கைகள் நீரைக் கீழே அழுத்தும். பார்ப்பவருக்கு அவர் விளையாடுவது போலவே தோன்றும். கூப்பிட்டால் பதில் சொல்லாதவரை உடனே மீட்க வேண்டும்.

நீங்களே விழுந்துவிட்டால் நீந்தி விரைய முயல வேண்டாம். உதகை, கொடைக்கானல் ஏரிகளின் குளிர்ந்த நீர் முதல் நிமிடத்தில் மூச்சை அடக்க முடியாமல் வாங்கவைக்கும். அந்தப் பதற்றம் தானே தணியும். அதுவரை மல்லாந்து மிதந்து, வாயை நீருக்கு மேல் வைத்திருங்கள். படகு கவிழ்ந்தாலும் மிதந்துகொண்டிருந்தால் அதைப் பற்றிக்கொள்ளுங்கள். கரை அருகில்தான் என்று தோன்றும், ஆனால் கண் தூரத்தைக் குறைத்துக் காட்டும். மீட்க வருபவருக்கும் தனித் தலையைவிடப் படகே எளிதில் தென்படும்.

பிறர் விழுந்தால் முதலில் உரக்கக் கூவி உதவி அழையுங்கள். துடுப்பையோ கழியையோ நீட்டுங்கள். எட்டாவிட்டால் மிதக்கும் பொருளை எறியுங்கள். உயிர்காப்பு வளையம், கயிறு, மூடிய காலித் தண்ணீர் கேன், முறுக்கிய சேலை, வேட்டி எதுவாயினும் உதவும். கரையிலிருந்து நீட்டும்போது குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உங்களையும் இழுத்துவிடுவார். பயிற்சி இல்லாதவர் நீரில் குதிக்கக் கூடாது. ஒருவரைக் காக்கப் பெற்றோரும் உடன்பிறந்தாரும் அடுத்தடுத்துக் குதித்து, ஒரே குடும்பத்தில் பலர் மாண்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

கரை சேர்த்த பிறகு

மூழ்கியவர் உடலில் தண்ணீர் நிறைந்திருக்கிறது, அதை வெளியேற்ற வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அதனால் தலைகீழாகத் தொங்கவிடுவதும், தலைமேல் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் நடைபெறுகின்றன. இவை தவறு. நுரையீரலுக்குள் சென்ற நீரின் அளவு பெரும்பாலும் சிறிதே. உயிரைப் பறிப்பது ஆக்சிஜன் இன்மை. வயிற்றை அமுக்கினால் உணவு மேலே வந்து மூச்சுக்குழாயில் புகும். பொன்னான நிமிடங்களும் வீணாகும். மூளை ஆக்சிஜன் இன்றிச் சில நிமிடங்களே தாங்கும்.

செய்ய வேண்டியவை இவை:

1. 108 எண்ணுக்கு அழைக்கச் சொல்லிவிட்டு, அவரைச் சமதளத்தில் மல்லாந்து கிடத்துங்கள்.
2. கூப்பிட்டுத் தோளைத் தட்டுங்கள். விழிப்பு இல்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால் உடனே தொடங்குங்கள்.
3. தலையைப் பின்சாய்த்து, முகவாயை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள். நீரில் மூழ்கியவருக்கு முதலில் வேண்டுவது காற்று. மார்பு உயர்வதைக் காணும்படி 2 முதல் 5 முறை ஊதுங்கள்.
4. பின்னர் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுந்த, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் 30 முறை அழுத்துங்கள். மீண்டும் 2 மூச்சு. உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். களைத்தால் இன்னொருவர் மாறிச் செய்யட்டும்.
5. வாயில் நுரை வந்தால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டாம். மூச்சூதுவதைத் தொடருங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துத் திருப்பித் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.
6. மூச்சு திரும்பியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈர உடையை மாற்றி, போர்த்துங்கள்.

எழுந்து உட்கார்ந்து பேசினாலும், நீரில் மூழ்கி மீண்டவரை மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். உள்ளே சென்ற சிறிதளவு நீரும் நுரையீரலின் நுண்ணறைகளைத் திறந்து வைத்திருக்கும் பூச்சை அழித்துவிடும். அதன் விளைவாக இருமலும் மூச்சுத்திணறலும் அடுத்த சில மணி நேரத்தில் தோன்றலாம். அதனாலேயே 4 முதல் 8 மணி நேரம் கண்காணிப்பில் வைக்கிறோம். அந்நேரம் நலமாகக் கடந்தால் வீடு திரும்பலாம். எவ்வித அறிகுறியும் இன்றி இருந்த குழந்தை ஒரு வாரம் கழித்துத் திடீரென்று "உலர் மூழ்கலால்" இறந்தது என்று கைபேசியில் வலம் வரும் செய்திகளுக்கு மருத்துவ அடிப்படை இல்லை. அவற்றை நம்பி அஞ்ச வேண்டாம். ஆனால் தொடர் இருமல், வேகமான மூச்சு, மிகுந்த சோர்வு, குழப்பம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதிக்க வேண்டாம்.

உலக அளவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. 2021 முதல் ஜூலை 25ஆம் நாள் உலக நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த 3 லட்சத்தில் மிகப் பலரை எந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவும் காணவே இல்லை. அவர்கள் எங்களிடம் வந்து சேருமுன்பே காலம் கடந்துவிட்டது. மூழ்குதலுக்கு எதிரான மருத்துவம் பெரும்பகுதி கரையிலேயே, உங்கள் கைகளிலேயே நடைபெறுகிறது.

எனவே பயணம் புறப்படும் முன், வீட்டில் இருவரேனும் இதயம், மூச்சு மீட்கும் முதலுதவியைக் கற்றுக்கொள்ளுங்கள். சில மணி நேரப் பயிற்சியே போதும். மருந்துகளையும் மருத்துவச் சுருக்கத்தையும் நீர் புகாத பையில் வையுங்கள். துறையில் எல்லாருக்கும் அங்கி கிடைத்ததா என்று எண்ணிப் பாருங்கள். படகோட்டியின் சொல்லைக் கேளுங்கள். அவருக்கு ஒரு நன்றியும் சொல்லுங்கள். பிறகு கவலையை விட்டு, உங்கள் அன்புக்குரியவரின் முகத்தில் காற்று படுவதை மனநிறைவோடு பார்த்துக்கொண்டிருங்கள்.